கார்ட்டின் குணம்: மேஜர், மைனர், டிமினிஷ்டு, செவன்த் எல்லாவற்றையும் கட்டை எண்ணியே புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

கீபோர்டு வாசிக்கத் தொடங்கிய முதல் வருடம் நான் கார்ட்களை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, படமாகத்தான் மனப்பாடம் செய்தேன். சி மேஜருக்கு ஒரு கட்டம், டி மைனருக்கு ஒரு கட்டம் என்று நோட்டில் வரைந்து, அமுக்க வேண்டிய கட்டைகளில் புள்ளி வைத்துக்கொள்வேன். நாற்பது படம் தேறியிருக்கும். ஒருநாள் பாட வந்த நண்பர், "எனக்குக் கொஞ்சம் மேலே போகுதுப்பா, ஒரு கட்டை இறக்கிக்கலாமா?" என்று கேட்டார். நோட்டைப் புரட்டினேன். அவர் கேட்ட இடத்துக்கு ஒரு படம்கூட இல்லை. மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கித் தப்பித்தேன் என்பது வேறு விஷயம்.

எந்தக் கார்ட்டின் பெயரிலும் இரண்டு விவரம்தான் இருக்கிறது: எங்கே தொடங்குகிறது, என்ன குணம். 'டி மைனர்' என்றால் டி தொடங்கும் இடம், அதாவது ரூட். மைனர் அதன் குணம். ஆங்கிலத்தில் இதைக் குவாலிட்டி என்பார்கள். அதைத் 'தரம்' என்று மொழிபெயர்த்தால் ஒன்று உசத்தி, இன்னொன்று மட்டம் என்றாகிவிடும். அதனால் குணம் என்றே சொல்கிறேன். ரூட் 12 இருக்கிறது. அன்றாடம் தேவைப்படும் குணங்கள் பத்துக்கு மேல் போகாது. படமாக மனப்பாடம் செய்தால் 120 படம். குணமாகப் புரிந்துகொண்டால் பத்து எண் வரிசை, அவ்வளவுதான்.

முதலில் சரியாக எண்ணப் பழகுங்கள்

பியானோவிலோ கீபோர்டிலோ ஒரு கட்டையிலிருந்து அதை ஒட்டிய அடுத்த கட்டைக்குப் போவது ஒரு செமிடோன். கறுப்பு, வெள்ளை என்று பேதம் பார்க்காமல் எல்லாவற்றையும் எண்ண வேண்டும். கிதாரில் ஒரு ஃபிரெட் நகர்ந்தால் அதே தூரம். இந்தக் கட்டுரையில் 'ஒரு கட்டை தூரம்' என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். நானும் செய்தேன். தொடங்கும் கட்டையையே ஒன்று என்று எண்ணிவிடுவோம். அப்படி எண்ணினால் எல்லாமே ஒரு கட்டை குறைந்துபோகும். ரூட்டைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சி பூஜ்யம், சி ஷார்ப் 1, டி 2, டி ஷார்ப் 3, ஈ 4. ஷார்ப் என்றால் அந்தச் சுரத்துக்கு ஒரு கட்டை மேலே, ஃபிளாட் என்றால் ஒரு கட்டை கீழே. சியிலிருந்து ஈ நான்கு கட்டை தூரம். ஈக்கும் எஃப்புக்கும் நடுவிலும், பிக்கும் சிக்கும் நடுவிலும் கறுப்புக் கட்டை கிடையாது. அந்த இரண்டு இடத்திலும் வெள்ளையிலிருந்து வெள்ளைக்குப் போவதே ஒரு கட்டை தூரம்தான். இதை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய வேலை செய்யும்.

மேஜரும் மைனரும்: ஒரே ஒரு விரல்

வலது கைக் கட்டைவிரலைச் சியில் வையுங்கள். நடுவிரல் ஈ, சுண்டுவிரல் ஜி. மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். இது சி மேஜர். ரூட்டிலிருந்து 4 கட்டை ஏறினால் நடு சுரம், அங்கிருந்து 3 கட்டை ஏறினால் மேல் சுரம். ரூட்டிலிருந்து எண்ணினால் 0, 4, 7.

இப்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நடுவிரலை மட்டும் ஈயிலிருந்து இடப்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டைக்கு, அதாவது ஈ ஃபிளாட்டுக்கு, நகர்த்துங்கள். 0, 3, 7. சி மைனர். அறையில் விளக்கைக் கொஞ்சம் குறைத்த மாதிரி இருக்கும்.

மேஜரில் 4 கட்டை கீழே, 3 கட்டை மேலே. மைனரில் 3 கீழே, 4 மேலே. அதே இரண்டு இடைவெளிகள்தான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது. ஓரத்தில் நிற்கும் இரண்டு சுரங்களுக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டிலும் 7தான். ஆகவே குணத்தைத் தீர்மானிப்பது நடுவில் இருப்பவர். ரூட்டிலிருந்து பெயரளவில் மூன்றாவது என்பதால் அவருக்குத் தேர்டு என்று பெயர். மேலே இருப்பவர் ஃபிஃப்த்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இது இன்னும் சுலபம். ரூட்டைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் மேஜரின் தேர்டு அந்தர காந்தாரம், மைனரின் தேர்டு சாதாரண காந்தாரம், ஃபிஃப்த் பஞ்சமம். காந்தாரம் மாறினால் ராகத்தின் முகமே மாறுவது உங்களுக்குத் தெரிந்ததுதானே. இங்கேயும் அதேதான், என்ன, மூன்றையும் ஒரே நேரத்தில் ஒலிக்க விடுகிறோம்.

கிதார்க்காரர்கள் இதைத் திறந்த ஈ மேஜரில் பார்க்கலாம். ஆறு தந்தியும் ஒலிக்கும் அந்தக் கார்ட்டில் ஈ மூன்று முறை வருகிறது, பி இரண்டு முறை வருகிறது. தேர்டான ஜி ஷார்ப் ஒரே ஒரு தந்தியில், மூன்றாவது தந்தியின் முதல் ஃபிரெட்டில், ஆள்காட்டி விரலுக்கு அடியில் இருக்கிறது. அந்த விரலை எடுத்துவிட்டால் ஈ மைனர். ஆறு தந்தியில் ஒன்று மாறினால் போதும், மொத்தக் குணமும் மாறிவிடுகிறது.

மேஜர் ஏன் அவ்வளவு நிம்மதியாக உட்காருகிறது? ஒரு சுரம் ஒலிக்கும்போதே அதன் மடங்குகளும் மெலிதாகக் கூட ஒலிக்கின்றன. அந்த வரிசையில் 4, 5, 6ஆவது மடங்குகளைச் சேர்த்தால் ஒரு மேஜர் கார்ட் வந்துவிடும், அதாவது 4:5:6 என்ற விகிதம். 440 ஹெர்ட்ஸ் ஏயை ரூட்டாக வைத்தால் 440, 550, 660. மைனருக்கு இந்த விகிதம் 10:12:15 ஆகிறது, அவ்வளவு எளிமையாக இல்லை. ஆனால் இன்றைய கீபோர்டு இந்தச் சுத்தமான விகிதத்தில் சுருதி சேர்க்கப்பட்டதில்லை. 12 கட்டையையும் சமமாகப் பங்கிட்டிருப்பதால் ஏ மேஜரின் தேர்டு 550க்குப் பதில் சுமார் 554.4 ஹெர்ட்ஸில் நிற்கிறது. நம் காது அதை மன்னித்துப் பழகிவிட்டது.

மேஜர் என்றால் சந்தோஷம், மைனர் என்றால் சோகம் என்ற சூத்திரத்தை நான் பாதிதான் ஏற்பேன். தொடக்கத்தில் காதுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது, சரி. வேகமான தாளத்தில் மைனர் ஆட வைக்கும். மெதுவாக, தாழ்ந்த குரலில் மேஜர் அழவும் வைக்கும்.

நிலைகொள்ளாத இரண்டு

சி மைனரில் கை இருக்கிறது அல்லவா? சுண்டுவிரலையும் ஒரு கட்டை இறக்குங்கள். 0, 3, 6. இது டிமினிஷ்டு. 3, 3 என்று இரண்டு சின்ன இடைவெளிகள் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கின்றன. ஓரச் சுரங்களுக்கு நடுவே 6 கட்டை, ஆக்டேவின், அதாவது சியிலிருந்து அடுத்த சி வரையிலான 12 கட்டையின், சரிபாதி. இதற்கு ட்ரைடோன் என்று பெயர். இந்தத் தூரம் எங்கே வந்தாலும் காது 'அடுத்து என்ன?' என்று கேட்கும்.

மறுபடி சி மேஜருக்கு வாருங்கள். இப்போது சுண்டுவிரலை ஒரு கட்டை ஏற்றி ஜி ஷார்ப்பில் வையுங்கள். 0, 4, 8. இது ஆக்மென்டட். டிமினிஷ்டு நெருக்குகிறது என்றால் இது தரையில் கால் பாவாமல் மிதக்கிறது. இதில் ஒரு விநோதம் உண்டு. சி, ஈ, ஜி ஷார்ப், அதற்கு மேல் மறுபடி சி. எல்லா இடைவெளியும் 4. ஆகவே சி ஆக்மென்டட், ஈ ஆக்மென்டட், ஜி ஷார்ப் ஆக்மென்டட் மூன்றும் ஒரே மூன்று கட்டைகள்தான். 12 ரூட்டுக்கும் சேர்த்து உலகத்தில் நான்கே நான்கு ஆக்மென்டட் கார்ட்கள். எந்த விரல் ரூட் என்று காதால் சொல்லவே முடியாது. இது தனியாக நின்று ஒரு வீட்டை, அதாவது பாட்டு வந்து நிலைகொள்ளும் சுரத்தை, உணர்த்தாததற்குக் காரணம் அதுதான்.

சஸ்பென்டட் பற்றிச் சுருக்கமாக. இதில் தேர்டே கிடையாது. அதன் இடத்தில் இரண்டாவது சுரமோ நான்காவதோ உட்காரும். சஸ் 2 என்றால் 0, 2, 7. சஸ் 4 என்றால் 0, 5, 7. தேர்டு இல்லாததால் இது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. ராக் கிதாரில் அதிகம் கேட்கும் பவர் கார்ட்டும் அப்படித்தான், வெறும் 0, 7.

நான்காவது சுரம் சேரும்போது

இங்கேதான் பெயர்க் குழப்பம் தொடங்குகிறது. ஒரு தாளில் 'சி 7' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, சி ஸ்கேலின் (சியில் தொடங்கும் சுர வரிசையின்) ஏழாவது சுரம் பி தானே என்று சி, ஈ, ஜி, பி வாசித்தேன். பாடிக்கொண்டிருந்தவர் பாட்டை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாசித்தது சி மேஜர் 7. அவர்கள் கேட்டது சி, ஈ, ஜி, பி ஃபிளாட்.

விதி இதுதான். வெறும் 7 என்று போட்டிருந்தால் ரூட்டிலிருந்து 10 கட்டை. 'மேஜர் 7' என்று போட்டிருந்தால் 11 கட்டை. அந்த 'மேஜர்' என்ற சொல் ஏழாவது சுரத்தைப் பற்றியது, தேர்டைப் பற்றியது இல்லை. அதனால்தான் 'மைனர் மேஜர் 7' என்று கேட்க முரணான ஒரு கார்ட்டும் இருக்கிறது: 0, 3, 7, 11. தேர்டு மைனர், செவன்த் மேஜர். சுரப் பெயரில் சொன்னால் 10 கட்டை கைசிகி நிஷாதம், 11 கட்டை காகலி நிஷாதம்.

இந்தக் குடும்பத்தை ஒரே சங்கிலியாகக் கற்கலாம். நான்கு விரலில் சி, ஈ, ஜி, பி பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விரலை ஒரு கட்டை இறக்குங்கள்:

மேஜர் 7: 0, 4, 7, 11
செவன்த்தை இறக்கினால் டாமினன்ட் 7 (வெறும் 7 என்று எழுதுவது இதைத்தான்): 0, 4, 7, 10
தேர்டை இறக்கினால் மைனர் 7: 0, 3, 7, 10
ஃபிஃப்த்தை இறக்கினால் ஹாஃப் டிமினிஷ்டு: 0, 3, 6, 10
மறுபடி செவன்த்தை இறக்கினால் டிமினிஷ்டு 7: 0, 3, 6, 9

இங்கே நிறுத்தாதீர்கள். மிச்சமிருப்பது ரூட் ஒன்றுதான். அதையும் ஒரு கட்டை இறக்குங்கள், சி போய் பி வரும். இப்போது கையில் இருப்பது பி, ஈ ஃபிளாட், ஜி ஃபிளாட், ஏ. ஈ ஃபிளாட்டை டி ஷார்ப் என்றும் ஜி ஃபிளாட்டை எஃப் ஷார்ப் என்றும் படித்தால் அது அப்பட்டமான பி 7. அங்கிருந்து பி மைனர் 7, பி ஹாஃப் டிமினிஷ்டு, பி டிமினிஷ்டு 7, பிறகு பி ஃபிளாட் 7 என்று இறங்கிக்கொண்டே போகலாம். ஒரு ரூட்டுக்கு நான்கு வீதம் 48 கார்ட் முடிந்ததும் ஓர் ஆக்டேவ் கீழே சி 7இல் வந்து நிற்பீர்கள். 12 ரூட்டையும் தொட வைக்கிற பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கை கிட்டத்தட்ட நகர்வதே தெரியாது.

கிதாரில் இதன் தொடக்கத்தை ஈ மேஜரில் கேட்கலாம். நான்காவது தந்தியில் இரண்டாம் ஃபிரெட்டில் இருக்கும் மோதிர விரலை முதல் ஃபிரெட்டுக்கு இறக்கினால் ஈ மேஜர் 7, தந்தியைத் திறந்து விட்டால் ஈ 7.

டாமினன்ட் 7ஐ மட்டும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஜி 7 என்பது ஜி, பி, டி, எஃப். அதில் பிக்கும் எஃப்புக்கும் நடுவே அந்த 6 கட்டை ட்ரைடோன் ஒளிந்திருக்கிறது. பி ஒரு கட்டை ஏறி சிக்கும், எஃப் ஒரு கட்டை இறங்கி ஈக்கும் போனால் சி மேஜர் கிடைத்துவிடும். ஜி 7க்குப் பிறகு காது சியை எதிர்பார்ப்பது பழக்கத்தால் மட்டும் இல்லை, இரண்டு சுரங்கள் பக்கத்து வீட்டுக்கு ஓர் அடி தூரத்தில் நிற்கின்றன.

தாளில் குறிகள் பலவிதமாக வரும். சின்ன எழுத்து எம்மோ கழித்தல் குறியோ இருந்தால் மைனர். முக்கோணம் என்றால் மேஜர் 7. சிறு வட்டம் டிமினிஷ்டு, குறுக்கே கோடு போட்ட வட்டம் ஹாஃப் டிமினிஷ்டு, கூட்டல் குறி ஆக்மென்டட். பெரிய எழுத்து எம் மேஜரைக் குறிக்கும். கையெழுத்தில் பெரிய எம்மும் சின்ன எம்மும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் நான் எழுதும்போது அதைத் தொடுவதே இல்லை. 9, 11, 13 என்று வருபவை செவன்த்துக்கு மேல் அடுக்கிய மாடிகள். அடித்தளத்தின் குணம் தெரிந்திருந்தால் அவை மிரட்டாது. 'ஆட் 9' என்றால் மட்டும் செவன்த் இல்லாமல் ஒன்பதாவதைச் சேர்க்க வேண்டும்.

ஸ்கேலுக்குள் குணங்கள் தானாக அமைவது

வெள்ளைக் கட்டைகளை மட்டும் பயன்படுத்துவோம். ஒன்று விட்டு ஒன்றாக மூன்று வெள்ளைக் கட்டைகளை அமுக்குங்கள். அதே கை அமைப்பை அப்படியே வலப்பக்கம் ஒவ்வொரு வெள்ளைக் கட்டையாக நகர்த்துங்கள். கை மாறவில்லை, ஆனால் குணம் மாறும்: சி மேஜர், டி மைனர், ஈ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர், ஏ மைனர், பி டிமினிஷ்டு. கறுப்புக் கட்டை இல்லாத அந்த இரண்டு இடங்கள் கார்ட்டுக்குள் எங்கே விழுகின்றன என்பதுதான் இத்தனை வித்தியாசத்துக்கும் காரணம்.

மேஜர், மைனர், மைனர், மேஜர், மேஜர், மைனர், டிமினிஷ்டு. எந்த மேஜர் ஸ்கேலுக்கும் இந்த வரிசை மாறாது. நான்கு சுரமாக அடுக்கினால் மேஜர் 7, மைனர் 7, மைனர் 7, மேஜர் 7, டாமினன்ட் 7, மைனர் 7, ஹாஃப் டிமினிஷ்டு. ஏழில் டாமினன்ட் 7 ஒரே ஓர் இடத்தில், ஐந்தாவதில் மட்டும் வருகிறது. அதனால் ஒரு பாட்டில் ஒரு டாமினன்ட் 7ஐப் பிடித்துவிட்டால் வீடு எது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

இடம் மாறினாலும் குணம் மாறாது

சி, ஈ, ஜி என்று இருப்பதை ஈ, ஜி, சி என்று மாற்றி அடுக்கினாலும் அது சி மேஜர்தான். ஃபிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோ 1722இல் வெளியிட்ட தன் நூலில் இந்த எண்ணத்தை முறைப்படுத்தினார்: எந்தச் சுரம் அடியில் இருந்தாலும் கார்ட்டின் வேர் ஒன்றே. ஆனால் எண்ணும்போது கவனம் தேவை. ஈயிலிருந்து எண்ணினால் 0, 3, 8 என்று எந்தப் பட்டியலிலும் இல்லாத வரிசை வரும். அப்போது சுரங்களை ஒன்று விட்டு ஒரு எழுத்தாக வரும்படி மாற்றி அடுக்கிப் பாருங்கள். சி, ஈ, ஜி என்று வந்ததும் அடியில் இருப்பது ரூட்.

இதே காரணத்துக்காகத்தான் சி மைனரின் நடுச் சுரத்தை ஈ ஃபிளாட் என்கிறோம், டி ஷார்ப் என்று சொல்வதில்லை. கட்டை ஒன்றே. ஆனால் சி, டி, ஜி என்று எழுதினால் தேர்டு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

சில கார்ட்களுக்கு இரட்டைப் பெயர் இருக்கும். சி, ஈ, ஜி, ஏ நான்கும் சி 6 ஆகவும் இருக்கலாம், ஏ மைனர் 7 ஆகவும் இருக்கலாம். பேஸ் எந்தச் சுரத்தை வாசிக்கிறது, முன்னும் பின்னும் என்ன வருகிறது என்பதைப் பார்த்தே பெயர் வைக்க வேண்டும்.

விரல் போதவில்லை என்றால் எதை விடுவது? ஃபிஃப்த்தை. 7 கட்டையில் நிற்கும் சாதாரண ஃபிஃப்த் குணத்தைச் சொல்வதில்லை. தேர்டும் செவன்த்தும் இருந்தால் போதும். அது 6ஆகவோ 8ஆகவோ மாறியிருந்தால் மட்டும் விடக்கூடாது. இன்னொன்று, இடது கையின் ஆழத்தில் தேர்டுகளை நெருக்கமாக வாசித்தால் குழம்பிய ஒலிதான் வரும். அங்கே இடைவெளி விட்டு அடுக்குங்கள்.

காதைப் பழக்குவது

ஒரே நாளில் பத்துக் குணத்தையும் பிரித்தறிய முயன்றால் சலிப்புத்தான் மிஞ்சும். முதல் வாரம் மேஜரும் மைனரும் மட்டும். யாராவது வாசிக்க, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். விடை மறந்திருக்கும்.

கார்ட்டைக் கேட்டதும் பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் அடிச் சுரத்தைப் பாடுங்கள். பிறகு அதற்கு மேல் உள்ளதை. அந்தரமா சாதாரணமா என்று தொண்டையே சொல்லிவிடும். அடுத்து ஃபிஃப்த் உறுதியாக நிற்கிறதா, நெருங்குகிறதா, நழுவுகிறதா என்று பாருங்கள். செவன்த் இருந்தால் அதையும் பாடி, அங்கிருந்து மேல் ரூட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு கட்டை என்றால் மேஜர் 7, இரண்டு என்றால் வெறும் 7. பாட வராது என்று தயங்க வேண்டாம், முணுமுணுத்தால் போதும்.

குணத்தை மாற்றிப் பாருங்கள்

உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு கார்ட் வரிசையை எடுத்துக்கொண்டு, ரூட்டை விட்டுவிட்டு ஒரே ஒரு கார்ட்டின் குணத்தை மட்டும் மாற்றுங்கள். டி மைனர் 7, ஜி 7, சி என்று இருந்தால் முதலாவதை டி 7 ஆக்குங்கள். எஃப் ஒரு கட்டை ஏறி எஃப் ஷார்ப் ஆகிறது. ஸ்கேலில் இல்லாத அந்தச் சுரம் ஜியை நோக்கித் தள்ளும், அடுத்து வரும் ஜி 7 இன்னும் அழுத்தமாக விழும்.

பிறகு எஃப் மேஜர், சி மேஜர் என்ற எளிய நகர்வு. நடுவில் எஃப் மைனரைச் செருகுங்கள்: எஃப் மேஜர், எஃப் மைனர், சி மேஜர். ஒவ்வொன்றையும் நான்கு எண்ணிக்கை நிறுத்தி வாசியுங்கள். உள்ளே ஏ, ஏ ஃபிளாட், ஜி என்று ஒரு குரல் ஒவ்வொரு கட்டையாக இறங்கிக்கொண்டிருக்கும். முதலில் அந்த மூன்று சுரத்தையும் தனியாகப் பாடுங்கள், பிறகு கார்ட்களை வாசித்துக்கொண்டே அதன் மேல் பாடுங்கள்.